ஆறாம் வகுப்பில் ஓர் ஆடிட்

குழந்தைகளுக்குக் கதை எழுதும் ஒருவரைப் பள்ளிக்கு அழைக்கப் போகிறீர்கள். நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது அப்படி ஒருவர் வந்தார் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மைக், பொன்னாடை, மதியச் சாப்பாடு இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றுதான், சந்தேகப்படுவது. வயிற்றுவலி என்று வகுப்பை விட்டு வருகிற பையனையும், அகராதி விற்க வருகிற ஆளையும், திடீரென்று கும்பிடு போடுகிற பெற்றோரையும் ஒரே கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் போலீஸ் டீச்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தது யார் என்பதிலும் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு.

அந்த எழுத்தாளர் அம்மா சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டார். குரல் மென்மையாக இருந்தது. அதுவே எனக்கு முதல் உறுத்தல். வந்து போகிற செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மேடை வேண்டாம், சால்வை வேண்டாம், போட்டோ எடுக்கக் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேச வேண்டும், முடிந்தால் ஆசிரியர்கள் யாரும் அறையில் இருக்க வேண்டாம். சாயந்தரம் வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பாராம். அதிலிருந்துதான் அவருக்குக் கதை தொடங்குமாம்.

நீங்களே சொல்லுங்கள். சால்வை வேண்டாம் என்கிற எழுத்தாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. நேராகத் தாளாளரிடம் போய்ச் சொன்னேன்.

எங்கள் தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. தோட்டமும் துரவுமாக இருந்த குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் பள்ளியைத் தொடங்கினார்கள், அவர் காலத்தில் கம்பெனியைத் தொடங்கினார்கள். கம்பெனிப் பெட்டிகளில் இருக்கும் கலப்பைப் படம்தான் பள்ளிப் பேருந்திலும் இருக்கும். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் மோட்டுவளையைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், காசு வேண்டாம், போட்டோ வேண்டாம், ஆளுங்களத் தனியா உட்கார வெச்சுப் பேசோணும். இது எழுத்தாளருங்களா? எங்க கம்பெனிக்கு வர்ற ஆடிட்டரும் இப்படித்தானுங்க வருவாங்க."

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இது கணக்குப் பார்க்கும் ஆடிட் இல்லை. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள், கம்பெனியில் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து வர ஆள் அனுப்புவார்கள். அவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள், தொழிலாளியைத் தனியாக அழைத்து விசாரிப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள், தீயணைப்பு உருளை மாட்டுவார்கள், முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரப்புவார்கள். என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆட்களுக்குப் பாடம் நடத்துவார்கள். திருப்பூரில் வளர்கிற குழந்தைக்கு ஆடிட் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாளாளர் சந்தேகப்பட்டதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றால் இன்னும் சந்தேகம் வரும், வரட்டும், நாம் தயாராக இருப்போம் என்றார்.

மறுநாள் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் பள்ளிக்கு வந்தார். எப்போதும் இரண்டு போனும் ஒரு புன்னகையும் வைத்திருப்பவர். கூடவே பெயிண்ட் அடிக்கிற ஆட்களும் வந்தார்கள். பள்ளி வராந்தா முழுக்க மஞ்சள் கோடு போட்டார்கள். நூலக வாசலில் தீயணைப்பு உருளை தொங்கியது. குடிதண்ணீர்த் தொட்டிக்கு மேல் தமிழிலும் இந்தியிலும் பலகை ஏறியது. பிள்ளைகள் அன்று இடைவேளையில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் ஆறு என்று சொல்லி நொண்டியடித்தார்கள். ஹெச்.ஆர். பதறிப்போனார், பெயிண்ட் இன்னும் காயவில்லை.

பிறகு ஆறாம் வகுப்பை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். யாராவது வந்து சாயந்தரம் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் விளையாடுவோம், வீட்டுப்பாடம் எழுதுவோம், சீக்கிரம் தூங்குவோம். அம்மா அப்பா என்ன வேலை என்று கேட்டால் கம்பெனி வேலை, நேரத்துக்கு வந்துவிடுவார்கள். வீட்டில் வேலை ஏதாவது செய்வீர்களா என்று கேட்டால், இல்லை. மனப்பாடச் செய்யுளைக் கூட அவ்வளவு வேகமாக அந்த வகுப்பு படித்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா வந்த அன்று நான் வாசலிலேயே நின்றேன். சாதாரணக் கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை. பைக்குள் என்ன இருக்கும் என்றுதான் முதலில் பார்த்தேன். வராந்தாவில் ஏறியதும் மஞ்சள் கோட்டைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். பிள்ளைகள் வரிசையாக நடப்பதற்கு என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டின் மேலேயே ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து நூலகம் வரைக்கும் நடந்தார். ஹெச்.ஆர். என் காதருகில், அளக்கிறாங்க மேடம் என்றார்.

தாளாளர் வீட்டிலிருந்து ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பா வந்திருந்தது. ஆடிட்டராக இருந்தால் தொடமாட்டார் என்று ஹெச்.ஆர். கணக்குப் போட்டார். அந்த அம்மா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, என் மருமகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று பைக்குள் வைத்துக்கொண்டார். ஹெச்.ஆர். குழம்பிப்போனார். ஆடிட்டர் இல்லை என்றால் அப்போது பத்திரிகைக்காரி என்று அடுத்த முடிவுக்கு வந்தார். நானும் தலையாட்டினேன். அவர் வெறும் கதை எழுதுகிறவர்தான். அந்த ஒரு சந்தேகம் மட்டும் எங்கள் யாருக்கும் வரவில்லை.

ஆசிரியர்கள் இருக்க வேண்டாம் என்று அவர் கேட்டிருந்ததால் நான் வெளியே நூலக ஜன்னலோரம் நின்றேன். ஹெச்.ஆரை மட்டும் கம்ப்யூட்டர் சார் என்று சொல்லி, பின்னால் ஒரு மேசையில் உட்கார வைத்திருந்தோம். அந்த மேசையில் கம்ப்யூட்டர் இல்லை.

அந்த அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாயந்தரம் வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விளையாடுவோம், வீட்டுப்பாடம் எழுதுவோம், சீக்கிரம் தூங்குவோம் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. என்ன விளையாட்டு என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அது பாடத்தில் இல்லை. முன் வரிசையில் இருந்த பையன் திரும்பிக் கம்ப்யூட்டர் சாரைப் பார்த்தான். அந்த அம்மாவும் அவன் பார்த்த பக்கம் பார்த்தார், பிறகு தீயணைப்பு உருளையைப் பார்த்தார், ஜன்னலில் என்னையும் பார்த்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கே எழுந்து போயிருப்பார்கள், அல்லது துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. "சரி, எனக்கு நிஜம் எதுவும் வேண்டாம். எல்லாரும் ஒரு பொய் சொல்லுங்க. யார் பொய் ரொம்ப நல்லா இருக்கோ அவங்களுக்குப் பரிசு" என்றார்.

அப்போதுதான் வகுப்புக்கு உயிர் வந்தது. பீகாரிலிருந்து வந்த ஒரு பையன், தன் ஊரில் ரயில் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும், அவன் அம்மா சப்பாத்தி கொடுத்தால்தான் கிளம்பும் என்றான். சேவூர்ப் பையன் ஒருவன் தன் எருமை வாட்சப்பில் பேசும் என்றான். ஹெச்.ஆர். கூடச் சிரித்தார். பிறகு எஸ்தர் எழுந்தாள்.

எஸ்தரின் குடும்பம் தெற்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பா இல்லை. கைக்குழந்தை இருந்ததால் அம்மாவால் கம்பெனி வேலைக்குப் போக முடியாது. வகுப்பில் வாயே திறக்காத பெண். முதல் பீரியடில் தூங்குவாள், அதற்காக நான் இருமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

"எங்க வீட்டுல ஒரு பேய் இருக்கு" என்று தொடங்கினாள். "பகல்ல அது ஸ்கூலுக்குப் போயிரும். சாயங்காலம் மூட்டை வந்ததும் வீட்டுக்கு வந்துரும். அது சோறு திங்காது. பனியன்ல தொங்குத நூலு இருக்குல்லா, அதை மட்டுந்தான் திங்கும். மூட்டை முழுசும் தின்னு முடிச்சாத்தான் எங்கம்மை அதைத் தூங்க விடும். வயிறு ரொம்பிட்டு, போதும்னாலும் விடாது. ஒரு நூலு மிச்சம் வெச்சாலும் மூட்டை திரும்பி வந்துருமாம்."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அந்த மூட்டை எங்கிருந்து வரும் என்று எவனோ கேட்டான். "தெரியாது. நம்ம ஸ்கூல் பஸ்ல இருக்குத கலப்பை அதுலயும் இருக்கும்" என்றாள். பேய்க்குக் கட்டைவிரலில் காய்ப்புக் காய்த்திருக்கும் என்றும் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய வலது கை பாவாடைக்குள் போனது.

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். ஹெச்.ஆர். முகத்தில் ஈயாடவில்லை. பேய் எது என்று தெரியாதவர் அந்த அறையில் யாரும் இருந்திருக்க முடியாது. கைதட்டல் வாங்கி எஸ்தர்தான் ஜெயித்தாள். துணிப்பையிலிருந்து தான் எழுதிய படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து அந்த அம்மா அவளுக்குக் கொடுத்தார். பைக்குள் இருந்தது அவ்வளவுதான், சில புத்தகங்களும் எங்கள் வெண்ணெயும்.

கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் சொன்னது என்று ஆரம்பித்தார். பொய்ப் போட்டிதானுங்களே என்று நான் முந்திக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். "நான் பொய்தாங்க கேட்டேன். அவ குடுத்தது என்னன்னு நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். அதை மிரட்டலாக எடுத்துக்கொள்வதா வேறு எதுவாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தாளாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஹெச்.ஆர். ஏற்கெனவே அங்கே நின்றார். எஸ்தருக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட வேண்டும், அவள் அம்மாவுக்குப் போகும் மூட்டையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார் ஹெச்.ஆர். கம்பெனிக்கு நிஜமான ஆடிட் அடுத்த மாதம் வர இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் பனியனில் பள்ளிப் பிள்ளை உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டுகிறது என்று வெளியே தெரிந்தால் ஆர்டர் போய்விடும். தாளாளர் கோபத்தில் இல்லை, பயத்தில் இருந்தார். எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் தெரியுங்களா டீச்சர் என்று என்னிடம் கேட்டார். அது பொய்யான பயம் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக ஒரு பிள்ளையின் படிப்பும் ஒரு வீட்டின் சோறும் மேசை மேல் இருந்தன. யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

"ஐயா, அது பொய்ப் போட்டிங்க. அவ சொன்னது பொய்னு வகுப்பே கைதட்டிப் பரிசு குடுத்துருக்குது. இப்ப அவளுக்கு டிசி குடுத்தா, இல்லை மூட்டைய நிறுத்துனா, அது நெசம்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க" என்றேன்.

தாளாளர் ஹெச்.ஆரைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்நாளில் அதைவிடச் சாமர்த்தியமாக நான் பேசியதில்லை.

ஆனாலும் தாளாளர் தொழில் தெரிந்தவர், ஒரு வாய்ச் சொல்லை நம்பி விடுகிறவர் இல்லை. எஸ்தரைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள், தாளாளர் அறை வாசலிலும் ஒன்று போட்டிருந்தார்கள்.

"இப்படி வா கண்ணு. பயப்படாத. நேத்து சொன்னியே, அது நெசமா பொய்யா?"

அவள் என்னைப் பார்த்தாள். பயப்படாமல் சொல் எஸ்தர், பொய்ப் போட்டிதானே என்றேன் நான். ஹெச்.ஆர். பாடம் நடத்தியதைப் போலத்தான் என் குரல் இருந்தது. எனக்கே கேட்டது.

"பொய்தான் ஐயா."

"அப்ப உங்க ஊட்டுல பேயே இல்லியா?"

"இல்ல ஐயா."

அவர் சிரித்தார். மேசை டிராயரிலிருந்து மிட்டாய் எடுத்து அவள் கையில் கொடுத்தார். டிசி இல்லை, மூட்டையும் நிற்காது. எல்லாம் முடிந்தது.

எஸ்தர் பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அதற்குப் பிறகு தெற்கே போய்விட்டார்கள். என் பிரிவு உபசார விழாவில், ஒரு பிள்ளையைக் கூட வெளியே அனுப்பாத தலைமை ஆசிரியை என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. நீங்களும் இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு யாரிடமாவது சொன்னால் எனக்கு நல்ல பேர்தான் கிடைக்கும். உங்கள் பள்ளிக்கு வரப்போகும் எழுத்தாளரைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அவர் சாயந்தரமே பஸ் ஏறிவிடுவார். நெருக்கடியில் உங்கள் வாயிலிருந்து வருகிற கெட்டிக்காரப் பேச்சு இருக்கிறதே, அதைச் சந்தேகப்படுங்கள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று தாளாளர் அறையை விட்டு வெளியே வந்ததும் எஸ்தரை வகுப்பு வரை கொண்டுபோய் விட நடந்தேன். பாதி வராந்தாவில் நின்றாள். மிட்டாயைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள். முகத்தில் அழுகை எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"டீச்சர், அப்ப இன்னைக்கு வர்ற மூட்டைய யாரு வெட்டுவா?"

அங்கேயே நில் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். தாளாளரிடம் மன்றாடித்தான் கேட்டேன். எஸ்தரின் அம்மாவுக்குக் கம்பெனிக்குள்ளேயே, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள், கைக்குழந்தையைக் கம்பெனிக் காப்பகத்தில் விட்டுக்கொள்ளட்டும், மூட்டை வீட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றேன். காப்பகம் ஆடிட்டுக்காகக் கட்டியது, காலியாகத்தான் கிடந்தது. அவர் முழுவதும் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"என்னுங்க டீச்சர் இது. மூட்டையே போகாத ஊட்டுக்கு நான் எதுக்குங்க வேலை போட்டுக் குடுக்கோணும்? குடுத்தா அது நெசம்னு ஆயிருமுங்களே. நீங்க சொன்னதுதானுங்க."

அவர் அதை வெகுளியாகச் சொன்னாரா, என்னை மடக்கவே சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹெச்.ஆர். தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயால் நானே சாத்திய கதவு அது. இனி எப்படித் தட்டினாலும் உள்ளே இருப்பவர் என் வார்த்தையைத்தான் எனக்குத் திருப்பித் தருவார். வெட்கத்தோடு வெளியே வந்தேன்.

எஸ்தர் நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மிட்டாயை என் கையில் வைத்துவிட்டு, கணக்குப் பீரியட் டீச்சர் என்று சொல்லி வகுப்புக்குப் போனாள்.